நெல்லைக்கும் பாளைக்கும் இடையே படியில்லாத ஒரு நடைவழி வேண்டும்

பெருமதிப்பிற்குரிய திருநெல்வேலி மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும், மாநில நெடுஞ்சாலைத்துறைக் கோட்டப் பொறியாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தாமிரபரணியின் ஒரு கரையில் திருநெல்வேலியும் மறுகரையில் பாளையங்கோட்டையும் நெடுங்காலம் தனித்தனி ஊர்களாக இருந்து, 1994ஆம் ஆண்டில் மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே மாநகராட்சியாயின. நிர்வாகம் ஒன்றானாலும் ஊர்க்காரர்கள் பேச்சில் இன்றைக்கும் டவுன் வேறு, ஜங்ஷன் வேறு, பாளை வேறுதான். கோயிலும் நகைக்கடைகளும் டவுனில். ரயில் நிலையம் ஜங்ஷனில். ஆட்சியர் அலுவலகம் ஆற்றைக் கடந்ததும் கொக்கிரகுளத்தில். கல்லூரிகளும் பள்ளிகளும் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையும் பாளையில். ஓர் ஊரில் குடியிருந்து மற்றோர் ஊரில் வேலையை முடித்துத் திரும்புவதுதான் இங்குள்ளவர்களின் அன்றாடம். இந்த இரண்டு ஊர்களையும், சக்கர நாற்காலியில் செல்பவரும், ஊன்றுகோலால் நடப்பவரும், வெள்ளைப் பிரம்பால் வழி அறிபவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் தாயும் யாருடைய கைத்தாங்கலும் இன்றிக் கடக்கக்கூடிய ஒரே தொடர் நடைவழியால் இணைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லையப்பர் கோயில் வாசலிலிருந்து சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலை வழியாக ஈரடுக்கு மேம்பாலம், ஜங்ஷன், சுலோசன முதலியார் பாலம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி ஆகிய இடங்களைத் தொட்டுப் பாளை பேருந்து நிலையம் வரையில், சாலையின் ஏதேனும் ஒரு பக்கத்திலாவது, ஒரு சக்கரம் தூக்கப்படாமல் உருண்டு செல்ல வேண்டும். சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவு. புதிய நிலம் எடுக்கவோ புதிய மேம்பாலம் கட்டவோ தேவையில்லாத பணி இது. ஆயினும் ஒன்றை முதலிலேயே வலியுறுத்த வேண்டியிருக்கிறது: இத்தகைய வழியின் தரத்தைச் சராசரி போட்டுப் பார்க்க முடியாது. ஐந்தரை கிலோமீட்டர் பளிங்கு போல அமைத்துவிட்டு, நடுவே ஓரிடத்தில் முக்கால் அடி உயரப் படி ஒன்றை விட்டுவைத்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வழி அந்தப் படியோடு முடிந்துவிடுகிறது. “90 விழுக்காடு பணி நிறைவு” என்று அறிக்கையில் எழுதலாம். வழி இன்னும் பிறக்கவில்லை என்பதே அதன் பொருள்.

கட்டுமானப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் மாநில நகரங்களின் நடைபாதைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதை ஓரளவு விளக்க என்னால் முடியும். நாம் நடைபாதை என்று அழைப்பது பெரும்பாலான இடங்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். வடிகாலுக்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு சரிவு, சுவர் எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுக் கட்டிவிட்டு, அதன் மேல் சிலாப் போட்டு, சிலாப்பின் மேல் ஓடு பதித்தால் எந்த உயரம் வருகிறதோ அதுவே நடைபாதையின் உயரமாகிவிடுகிறது. நடப்பவரின் கால் அந்தக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை. தூர் வாருவதற்காக சிலாப்பைப் பெயர்த்தெடுத்து மீண்டும் வைக்கும்போது ஒன்று ஏறியும் மற்றொன்று இறங்கியும் நிற்கும். இடையில் ஒரு விரற்கடை இடைவெளி விழும். நல்ல காலுள்ளவர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அந்த இடைவெளியில் சிக்கினால் அதில் இருப்பவர் முன்னோக்கித்தான் விழுவார்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு, சாலை வீட்டு வாசலை விட உயர்ந்துவிடுவது நாம் எல்லோரும் கண்டதுதான். சுரண்டி எடுத்த பின்பே மறுசாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தலைமைச் செயலாளரே அறிவுறுத்த வேண்டிய அளவுக்கு அது முற்றிப்போயிருந்தது. சாலை உயர்ந்தால் வடிகாலை உயர்த்துகிறோம். வடிகால் உயர்ந்தால் நடைபாதை உயர்கிறது. நடைபாதை உயர்ந்ததும் கடைக்காரர் தம் வாசலுக்குச் சொந்தமாக ஒரு சிமெண்ட் சரிவு போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு சரிவு என்று ஆகும்போது, நடைபாதை ஏறி இறங்கும் மேடு பள்ளங்களின் வரிசையாக மாறுகிறது. மக்கள் அதை விட்டு இறங்கிச் சாலையில் நடக்கிறார்கள். நடைபாதை இருக்கும்போது ஏன் சாலையில் நடக்கிறீர்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்வோரும் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பேருந்துக்கும் வேலிக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

எனவே முதல் வேண்டுகோள் உயரத்தைப் பற்றியது. நடைபாதையின் விளிம்பு சாலைப் பரப்பிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (Indian Roads Congress) பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி. இது அழகுக்காகச் சொல்லப்பட்ட அளவன்று. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவை விடச் செங்குத்தாக இருக்கலாகாது. அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கு 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். விளிம்பு 150 மில்லிமீட்டர் என்றால் சாய்தளத்தின் நீளம் 1.8 மீட்டர். அதே விளிம்பு 300 மில்லிமீட்டர் என்றால் 3.6 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கு நம் சாலையோரங்களில் இடம் ஏது? இடமில்லாத காரணத்தால்தான், நடக்கும் கால்களே வழுக்கும் அளவுக்குச் செங்குத்தான சரிவுகளைப் போட்டுவிட்டு, அவற்றுக்குச் சாய்தளம் என்று பெயரிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி செய்யப்பட்டது என்று கணக்கு முடிக்கப்படுகிறது. நடைபாதையைத் தாழ்த்தினாலே பாதிச் சாய்தளங்கள் தேவையற்றுப் போகும். அதற்கு வடிகாலை வடிவமைக்கும்போதே அதன் மேல்மட்டத்தைச் சாலை மட்டத்திலிருந்து கணக்கிட்டுக் கீழ்நோக்கி வர வேண்டும். வாய்க்காலின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போகக்கூடாது.

அகலத்தைப் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்கும் 2.2 மீட்டர் உயரத்துக்கும் எந்தத் தடையும் இல்லாத இடைவெளி வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. மின்கம்பம், இணைப்புப் பெட்டி, விளம்பரப் பலகை, மரத்தைச் சுற்றிய திண்டு ஆகிய எல்லாவற்றையும் கழித்த பின் மிஞ்ச வேண்டிய அகலம் அது. கழிக்காமல் அளந்து எழுதும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தெருமுனைகள் இன்னும் முக்கியமானவை. ஜங்ஷனிலிருந்து பாளை வரையிலான சாலையில் எத்தனையோ சிறு தெருக்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு தெருமுனையிலும் நடைபாதை முடிந்து, படியாக இறங்கி, தெருவைக் கடந்து, மறுபடியும் படியாக ஏறுகிறது. இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. நடைபாதையை இருபுறமும் சாய்தளமாகத் தாழ்த்தித் தெருமட்டத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. தெருமுனையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தி, வண்டிகள் ஏறி இறங்கும்படியும் நடப்பவர் சமமாகச் செல்லும்படியும் செய்வது மற்றொன்று. என் பரிந்துரை இரண்டாவதற்கே. சிறு தெருவிலிருந்து வேகமாக வெளிவரும் இருசக்கர வண்டிக்கு அதுவே வேகத்தடையாகவும் ஆகிறது. எப்படியும் நாம் அங்கே ஒரு வேகத்தடை போடத்தான் போகிறோம். மழைநீர் தேங்காதபடி உயர்த்திய பகுதியின் அடியில் குழாய் பதிப்பது மட்டும் கூடுதல் வேலை.

ஆனால் இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு எல்லாம் சமமட்டமாக இருப்பது நல்லது. பார்வையற்றவருக்கு அதுவே ஆபத்து. வெள்ளைப் பிரம்பு ஒரு விளிம்பைத் தொட்டால்தான் நடைபாதை முடிந்து தெரு தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியும். விளிம்பே இல்லாமல் செய்துவிட்டால் அவர் தம்மையறியாமல் வண்டிகளின் நடுவே போய் நிற்பார். ஆகவே விளிம்பை எடுக்கும் இடத்தில் எல்லாம், நடைபாதையின் முழு அகலத்துக்கும் புள்ளிகள் உள்ள தொடுஉணர் ஓடுகளைப் பதிக்க வேண்டும். கோடுகள் உள்ள ஓடு ‘நடக்கலாம்’ என்பதற்கு. புள்ளிகள் உள்ள ஓடு ‘நில், கவனி’ என்பதற்கு. இந்த வேறுபாட்டை அறியாமல், மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்றைப் பதித்தால் போதும் என்று கோட்டு ஓடுகளை நேராக மின்கம்பத்தின் அடிக்குக் கொண்டுபோய் முடிப்பதைப் பல நகரங்களில் காணலாம். அதை நம்பி நடப்பவர் கம்பத்தில் மோதிக்கொள்வார் என்பதைவிட, அடுத்த முறை அவர் எந்த ஓட்டையும் நம்பமாட்டார் என்பதுதான் பெரிய இழப்பு.

பாளையங்கோட்டையில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்காக 1890இல் இங்கே தொடங்கிய பள்ளி, தென்னிந்தியாவில் அவ்வகைப் பள்ளிகளுள் முன்னோடி. அதே பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் முயற்சியால் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியும் இங்கே உருவானது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்வையற்ற பிள்ளைகளும் காது கேளாத பிள்ளைகளும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இந்த ஊருக்கு வந்து படித்துச் செல்கிறார்கள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நம்மை நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் பங்குள்ள பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டி முருகன்குறிச்சிக்குத் தனியே நடந்துபோய் வர ஊர் என்ன செய்து வைத்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல நாம் தயங்கத்தான் வேண்டும். மேலும், ஐகிரவுண்டு மருத்துவமனைக்கு வருவோரில் கால் முறிந்து மாவுக்கட்டோடு வருபவரும், பக்கவாதத்துக்குப் பின் பயிற்சிக்கு வருபவரும், நிறைமாதக் கர்ப்பிணிகளும் அடக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானோர் ஏறத்தாழ 11.79 லட்சம் பேர். முழங்கால் வலியோடு படியேறும் முதியோர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே இதை ஒரு சிறுபான்மையினருக்கான சலுகை என்று கோப்பில் குறித்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி இரண்டு பாலங்களைப் பற்றி.

சுலோசன முதலியார் பாலத்தின் வரலாறு இந்த வேண்டுகோளுக்கு நேர்த் தொடர்புடையது. பாலம் வருமுன் இந்த இரு ஊர்களுக்கும் இடையே ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் அதுவும் நின்றுவிடும். ஆட்சியர் தாம்சன் காலத்தில், பொறியாளர் கேப்டன் ஹார்ஸ்லியின் வடிவமைப்பில் கட்டப்பட்டு 1843இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்தார். பாலத்தைக் கடக்கும் ஏழை எளியவரிடம் சுங்கம் வாங்கக்கூடாது என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது என்று ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. அந்தப் பாலத்தைக் கடக்க இன்று ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள், நடைபாதையைப் பயன்படுத்த முடியாதவர்கள் மட்டும்தான். சுங்கம் அவர்களுக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது.

பழைய பாலத்தின் கற்கட்டு வளைவுகளில் எதையும் உடைக்கச் சொல்லவில்லை. போக்குவரத்தைப் பங்கிட்டுக்கொள்ள இணைப் பாலம் ஒன்று அருகிலேயே அமைந்துவிட்ட பிறகு, பழைய பாலத்தின் ஓரத்தில் நடப்பவருக்கு என்று தொடர்ச்சியான, சமமட்டமான, கைப்பிடி உள்ள ஒரு வழியை ஒதுக்குவது இயலாத காரியம் அன்று. பாலத்தின் மீதுள்ள பரப்பை விட அதன் இரு முனைகளே கவனம் பெற வேண்டியவை. பாலத்தைக் கட்டியது ஒரு துறையாகவும் அதை அடையும் சாலை வேறொரு துறையின் பொறுப்பாகவும் இருக்கும் இடங்களில், இரண்டும் சேரும் மூட்டில்தான் படியோ பள்ளமோ வழக்கமாக விழுகிறது. அங்கே ஓர் அங்குல உயர வேறுபாடும் இருக்கலாகாது.

ஈரடுக்கு மேம்பாலத்தைப் பொறுத்தவரை, அதை வடிவமைத்தவர்களைப் பாராட்டியே பேச வேண்டும். கனரக வாகனங்களுக்கு மேலடுக்கு, மெதுவாகச் செல்வோருக்குக் கீழடுக்கு என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள். ரயில் தண்டவாளத்தைக் கடக்கப் படிக்கட்டு வைத்த நடைமேம்பாலமே போதும் என்று எண்ணிய காலத்தில், சக்கரம் உருளும் சரிவோடு ஒரு தனி அடுக்கையே கொடுத்தவர்கள் அவர்கள். மிதிவண்டிக்கு அன்று கொடுத்த அந்தச் சரிவைச் சக்கர நாற்காலிக்கும் ஏற்றதாக ஆக்க, சரிவின் அளவை இடத்துக்கு இடம் அளந்து, நீண்ட ஏற்றங்களில் இளைப்பாற ஒரு சமதளமும், ஓரத்தில் தொடர்ச்சியான கைப்பிடியும், இரவில் போதிய வெளிச்சமும், இருசக்கர மோட்டார் வண்டிகளிடமிருந்து நடப்பவரைப் பிரிக்கும் ஒரு விளிம்பும் அமைத்தால் போதும். நம் நகரம் அரை நூற்றாண்டுக்கு முன் சரியாகச் சிந்தித்ததன் மிச்ச வேலை இது.

சாலையோர நடைவழிக்குப் பதிலாக, தாமிரபரணிக் கரையோரம் மருத மர நிழலில் ஒரு நடைபயிற்சிப் பாதை அமைத்துத் தரலாமே என்ற யோசனை எழக்கூடும். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் இதற்கு மாற்றாக அன்று. 2023 டிசம்பரில் ஆறு ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே புகுந்ததை நாம் பார்த்தோம். வெள்ளம் வடிந்த பின் கரைப் பாதையில் படியும் வண்டலை யார், எத்தனை நாளில் அள்ளுவார்கள்? அதோடு, மருந்துக் கடையும் வங்கியும் பேருந்து நிறுத்தமும் சாலையோரத்தில்தான் இருக்கின்றன. காற்று வாங்க ஒரு பாதையும் காரியத்துக்குப் போக ஒரு பாதையும் வேறு வேறு. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரச் சாய்தளம், அடுத்த சில நாட்களில் வந்த மாண்டஸ் புயலில் சேதமடைந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கடலருகே போய் நிற்க முடிந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நீரின் வழியில் எதை வைத்தாலும் பராமரிப்புச் செலவை முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

இருசக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறுவதைத் தடுக்க, நுழைவாயில்களில் இரும்புக் குழாய்களை நெருக்கமாக நட்டுவைக்கும் வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழைந்துவிடும். இதற்கு முழுமையான பொறியியல் தீர்வு எளிதில் கிடைக்காது. குழாயை நெருக்கினால் வண்டிக்காரர் வேறு இடத்தில் ஏறிக்கொள்வார், சக்கர நாற்காலியில் வந்தவர் திரும்பிப் போவார். ஆகவே குழாய்களுக்கு இடையே போதிய இடைவெளி விட்டு, மீறுவோரைக் காவல்துறை அபராதத்தால் தடுப்பதே முறை. சாலையோர வியாபாரிகள் விஷயத்திலும் அவசரம் கூடாது. நடைபாதை மறைவதற்கு அவர்களே காரணம் என்று சொல்லி அகற்றுவது எளிது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமையையும் ஒதுக்கிடத்தையும் வழங்குகிறது. பாளை மார்க்கெட் சுற்றுப்புறத்தில் பூவும் காயும் விற்கும் பெண்களில் பலர் தாமே முழங்கால் வலிக்காரர்கள். நடக்கும் அகலத்தைக் கோடு போட்டுக் காட்டி, அதற்கு வெளியே அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தால் சச்சரவு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பதிவுக்காகச் சுருங்கக் கூறுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 41ஆவது பிரிவு, அவர்கள் நடமாடுவதற்கு ஏற்ற சாலைகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகளில், அணுகுதல் தரங்களை வெறும் பரிந்துரைகள் போல விட்டிருந்த பகுதி சட்டத்துக்கு முரணானது என்று, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்களைத் தனியே வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பார்வையற்றவரான ரதூரி அந்த வழக்கைத் தொடுத்தது 2005இல். ஒரு குடிமகன் தெருவில் நடப்பதற்கான தரத்தைக் கட்டாயமாக்கக் கேட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியிருக்கிறது. நம் நகரம் நீதிமன்றம் வரை போகும் தேவை இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

செய்வதற்குத் தடையாக இருப்பது பணம் என்று நான் நினைக்கவில்லை. 2017இல் திருநெல்வேலி சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்றதிலிருந்து இந்த ஊர் பல தோண்டல்களையும் பல திறப்பு விழாக்களையும் கண்டுவிட்டது. தடை பொறுப்பு சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. சாலை ஒரு துறை, நடைபாதை ஒரு துறை, மின்கம்பம் மின்வாரியம், பாதாளச் சாக்கடையின் மூடி வேறொரு பிரிவு, சிக்னல் காவல்துறை, தண்டவாளத்தை ஒட்டிய நிலம் ரயில்வே. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைச் செம்மையாக முடித்தாலும், இரண்டு பகுதிகளுக்கு இடையிலுள்ள படி யாருடைய கணக்கிலும் வராது. இத்தனை துறைகளையும் ஒரு வழிக்காக ஒன்றுசேர்ப்பது நடக்காத காரியம் என்று யாரேனும் சொன்னால், ஆனித் தேரோட்டத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நெல்லையப்பர் தேர் ஓடுவதற்கு முன் ரத வீதிகளில் பள்ளம் நிரப்பப்படுகிறது, கிளைகள் கழிக்கப்படுகின்றன, குறுக்கே போகும் மின்கம்பிகள் அகற்றப்படுகின்றன. எந்தத் துறை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆட்சியர் கூட்டம் போட்டு முடிவு செய்கிறார். தேர் நடுவழியில் நின்றுவிடக்கூடாது என்பதில் எல்லோரும் ஒத்த கருத்துடையவர்கள். அதே ஒத்துழைப்பை ஆண்டு முழுவதும் தாங்கும் ஒரு வழிக்காகக் கேட்கிறேன். இந்த ஆறு கிலோமீட்டருக்கு மட்டும் பொறுப்பாக, எல்லாத் துறைகளிடமும் கேள்வி கேட்கும் அதிகாரத்தோடு, பெயர் சொல்லி ஓர் அலுவலரை நியமியுங்கள்.

அவருடைய முதல் வேலை அளப்பதாக இருக்கட்டும். இந்த வழியில் எங்கெங்கே எத்தனை மில்லிமீட்டர் படி இருக்கிறது, எந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, தடையற்ற அகலம் எங்கே குறைகிறது என்பதை ஒரே வரைபடத்தில் குறித்தால் வேலையின் அளவு அதிலேயே தெரிந்துவிடும். அந்த அளவீட்டில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரும் பார்வையற்றோரும் முதியோரும் உடன்வர வேண்டும். அதற்குரிய ஊதியம் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். அலுவலர்கள் அரை மணி நேரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எழுந்து நடக்க முடியும் என்று தெரிந்தே அமர்பவருக்குத் தெருவைப் பற்றித் தெரியவருவது மிகக் குறைவு. பணி முடிந்த ஒவ்வொரு பகுதியையும், ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை விடுவிக்கும் முன், அதே குழு மறுபடி கடந்து பார்த்து ஒப்பம் இட வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்த்தால், தரக் கட்டுப்பாட்டுக்கு வேறு எந்த ஏற்பாடும் அவ்வளவாகத் தேவைப்படாது. தூர் வாரிய பின்பும், குழாய் பதிக்கத் தோண்டிய பின்பும் இதே சோதனை நடக்க வேண்டும். நல்ல நடைபாதைகளைப் பாழாக்குவது பெரும்பாலும் பிறகு வரும் தோண்டல்தான்.

முழுவதையும் ஒரே ஆண்டில் முடிக்க இயலாது என்றால், ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து சுலோசன முதலியார் பாலம் வழியாகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் வரையிலான பகுதியை முதல் கட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் மாற்றுத்திறனாளிகள் வருகிறார்கள். சக்கர நாற்காலி கேட்டு மனு கொடுக்க வருபவரும் அவர்களில் இருக்கிறார். ரயிலிலோ பேருந்திலோ வந்து இறங்கும் ஒருவர் தாமாகவே பாலத்தைக் கடந்து வந்து மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடிகிறதா என்பதே இந்தப் பணியின் முதல் அளவுகோலாக இருக்கட்டும். பாளையின் இரு சிறப்புப் பள்ளிகளையும் ஐகிரவுண்டு மருத்துவமனையையும் தொடும் பகுதி இரண்டாவதாகவும், ஈரடுக்குப் பாலமும் டவுனும் மூன்றாவதாகவும் வரலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் அளவீட்டை முடித்து, வரைபடத்தை மாநகராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலக வாயிலிலும் பொதுமக்கள் பார்வைக்குத் தமிழிலும், பார்வையற்றோருக்காக பிரெயில் எழுத்திலும் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பு அலுவலர் யார், முதல் கட்டம் எந்த மாதத்தில் தொடங்கும் என்ற இரண்டு விவரங்களும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அளவீட்டுக் குழுவில் மட்டக்கோல் பிடிக்க ஆள் தேவைப்பட்டால் நானும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர் ஒருவர்